மக்கர் செய்யும் சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

அப்பாவின் எல்.பி.க்கள் (பெரிய இசைத்தட்டுகள்) பரணில் முப்பது வருடம் கிடந்தன. அவற்றைக் கேட்பதற்காகவே ஒரு சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். மூடினால் பெட்டி, திறந்தால் பிளேயர், உள்ளேயே இரண்டு குட்டி ஸ்பீக்கர். முதல் வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் ஒரு நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டபோது அப்பா கேட்டார்: "ஏண்டா, மூச்சு வாங்குறது வாசிக்கிறவருக்கா, மெஷினுக்கா?"

மெஷினுக்குத்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நான் போன வழி தலைகீழ். முதலில் ஊசியை மாற்றினேன், அப்புறம் அடாப்டரை, அப்புறம் பெட்டியையே திருகு கழற்றிப் பிரித்தேன். கடைசியில் கோளாறு பெல்ட்டில் இருந்தது. பத்து நிமிட வேலை. அதனால்தான் கீழே உள்ள வரிசையை இப்படி வைத்திருக்கிறேன்: காசே செலவாகாத சோதனைகள் முதலில், திருகாணி எடுக்க வேண்டியவை பிறகு, பர்ஸ் எடுக்க வேண்டியவை கடைசியில்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

வெளியே எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும், விலை குறைந்த சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகள் ஒரே குடும்பம். ஒரு சின்ன டி.சி. மோட்டார், ஒரு ரப்பர் பெல்ட், ஒரு பிளாஸ்டிக் கை, அதன் நுனியில் ஒரு செராமிக் கார்ட்ரிட்ஜ், அதில் மாட்டிய சிவப்பு பிளாஸ்டிக் துண்டு. அந்தச் சிவப்புத் துண்டின் அடியில் இருப்பதுதான் ஊசி.

செராமிக் கார்ட்ரிட்ஜை மட்டும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளத்தில் ஓடும் ஊசி ஆடும்போது உள்ளே ஒரு சிறு செராமிக் துண்டு வளைந்து மின்னழுத்தம் தருகிறது. அது சில நூறு மில்லிவோல்ட் வரை வரும் என்பதால் மலிவான ஆம்பே (சத்தத்தைப் பெருக்கும் சர்க்யூட்) போதும். காந்தம் வைத்த கார்ட்ரிட்ஜ் தருவது மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட்தான். அதை முதலில் பெருக்கித் தரத் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். செராமிக்கின் மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை, எடை. ஊசி பள்ளத்தில் நிற்க அதற்குச் சுமார் 5 கிராம் அழுத்தம் தேவைப்படுகிறது. காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு வகையைப் பொறுத்து 2 முதல் 3 கிராம் போதும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில்: குற்றவாளி ரெக்கார்டா, பிளேயரா?

மூன்று வேறு வேறு ரெக்கார்டுகளை எடுங்கள். முடிந்தால் ஒன்று புதியதாக இருக்கட்டும். ஒரே ரெக்கார்டில் ஒரே இடத்தில் மட்டும் தாவினால் பிளேயரைத் திட்டாதீர்கள். அது கீறல் அல்லது அழுக்கு. மூன்றிலும் கண்ட இடத்தில் தாவினால் பிளேயர்தான்.

நம் ஊர் ஈரக்காற்றில் பரணில் கிடந்த ரெக்கார்டுகளுக்குத் தூசியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள், சிலந்தி வலை போன்ற படலம் தெரிந்தால் அதுதான். பாட்டு முழுக்க எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் வட்டப் போக்கிலேயே துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை. லேபிள் நனையக் கூடாது. நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாகவே வளைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் ரெக்கார்டுகள் வினைல் அல்ல, அரக்கு கலந்தவை. அவற்றின் மேல் ஆல்கஹால் பட்டால் மேற்பரப்பே கரையும். ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்), ஸ்பிரிட், சானிடைசர் எதையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பாருங்கள்

ஊசியின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கிறதா? கையைக் கட்டி அனுப்பிய கம்பியை அவிழ்த்தீர்களா? எல்.பி. போடும்போது வேகச் சுவிட்ச் 33-இல் இருக்கிறதா? ஆட்டோ ஸ்டாப் சுவிட்சுக்கு ஒரு தனி வரி: அது ஆன் ஆக இருந்தால் சில பிளேயர்கள் கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்பே நின்றுவிடும். சுற்றவே மறுக்கிற மெஷினில் அந்தச் சுவிட்சை ஆஃப் செய்ததும் உயிர் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மட்டம். போனில் இருக்கும் மட்டப்பலகை ஆப் போதும். சுழலும் தட்டின் மேல் போனை வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் அட்டைத் துண்டு வையுங்கள்.

தாவுகிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது

இந்தப் பெட்டிகளைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் இதுதான். மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று, ஊசியில் சேர்ந்த பஞ்சு. போனின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மென்மையான சின்ன பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் ஊசி தாங்கும் தண்டு முறியும். விரலால் தொட வேண்டாம்.

இரண்டு, அதிர்வு. ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே மரப்பெட்டியில் குடியிருக்கின்றன. தவிலோ பேஸ் கிடாரோ அடிக்கும்போது பெட்டி அதிர்கிறது, அந்த அதிர்வை ஊசி மறுபடியும் எடுத்துக்கொள்கிறது, அதை ஸ்பீக்கர் இன்னும் பெரிதாகக் கொடுக்கிறது. இதைப் பிடிப்பது எளிது. தட்டைச் சுற்றவிடாமல் நிற்கும் ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கி, வழக்கமான சத்த அளவில் வைத்து, மேசையை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டொம் என்று கேட்கிறதா? அடுத்து, தாவுகிற பாட்டை ஹெட்போனில் போடுங்கள். தாவல் நின்றுவிட்டால் கோளாறு ஊசியில் இல்லை, ஸ்பீக்கரின் இடத்தில். பின்புறமுள்ள ஆர்.சி.ஏ. ஓட்டை (சிவப்பு, வெள்ளை வட்டத் துளைகள்) வழியாக வெளி ஆம்பையும் ஸ்பீக்கரையும் இணைத்து, உள் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஆம்பில் அந்தக் கம்பியை ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருக வேண்டும். ஃபோனோ என்ற இடத்தில் செருகினால் சத்தம் கிழிந்து கேட்கும்.

மூன்று, அழுத்தம். நகைக்கடைத் தராசு போலச் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் கிடைக்கிறது. ஊசி ரெக்கார்டில் இருக்கும் உயரத்திலேயே தராசின் மேல் இறங்கும்படி வைத்துப் பாருங்கள். 5 கிராமுக்கு மிகவும் குறைந்திருந்தால் கையின் மூட்டு இறுகியிருக்கலாம், அல்லது கம்பி இழுக்கலாம். கை இரு பக்கமும் தங்குதடையின்றி ஆடுகிறதா என்று பாருங்கள்.

தாவலுக்கு எல்லோரும் சொல்கிற கைவைத்தியம் ஒன்று உண்டு: கையின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டுவது. இப்போது அதிகம் புழங்கும் நாணயங்களில் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து அதன் எடை 3 கிராமிலிருந்து கிட்டத்தட்ட 5 கிராம் வரை. ஏற்கெனவே 5 கிராம் அழுத்துகிற ஊசியின் மேல் இதையும் ஏற்றினால் பள்ளத்தின் சுவரை உழுதுகொண்டு போகும். தாவல் நிற்கும், உண்மைதான். ரெக்கார்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச்சேரும்.

வேகமும் சுருதியும்

அப்பா பிடித்தது இந்தக் கோளாறைத்தான். இங்கே நம் காது ஒரு நல்ல கருவி. கர்நாடக இசை ரெக்கார்டு ஏதாவது இருந்தால் தம்புரா மட்டும் ஒலிக்கிற தொடக்கத்தைக் கேளுங்கள், அல்லது நாதஸ்வரத்தில் நீட்டிப் பிடித்த ஒரு சுரத்தை. மேளக் கச்சேரியின் அமளியில் மறைந்துபோகும் ஆட்டம் அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

ஆட்டம் தெரிந்தால் அதன் தாளத்தை எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. சுருதி 1.8 வினாடிக்கு ஒரு முறை சீராக ஏறி இறங்கினால் பெரும்பாலும் ரெக்கார்டின் ஓட்டை நடுவில் இல்லை, அல்லது ரெக்கார்டு வளைந்திருக்கிறது. வேறு ரெக்கார்டு போட்டால் போய்விடும். ஒழுங்கே இல்லாமல் ஆடினால் பெல்ட் அல்லது மோட்டார். ஆட்டம் இல்லை, ஆனால் பாடகர் மொத்தமாகச் சின்ன வயதுக்காரர் போலவோ தூக்கக் கலக்கத்திலோ பாடுகிறார் என்றால் வேகமே தவறு.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். ரெக்கார்டுக்கு வெளியே நீட்டித் தெரியும்படி தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். ஐந்து நிமிடம் சுற்றவிட்டு மோட்டாரைச் சூடேற்றுங்கள். ரெக்கார்டு போட்டு, ஊசியையும் இறக்கி, காகிதம் நூறு முறை சுற்றி வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சரியான விடை 180 வினாடி. ஐந்து வினாடி முன்னாலேயே முடிந்தால் வேகம் ஏறக்குறைய 3 சதவீதம் அதிகம். சுருதி கால் கட்டை (கட்டை என்பது சுருதியை அளக்கும் அலகு) ஏறியிருக்கும். பத்து வினாடி என்றால் அரைக் கட்டை. அதற்குமேல் பாட்டோடு சேர்ந்து வயலின் வாசிக்க முடியாது.

இணையத்தில் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டைகள் கிடைக்கின்றன. தட்டின் மேல் வைத்துச் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது மின்விளக்கின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அமெரிக்காவுக்கானதை அச்சடித்துவிட்டு என் பிளேயர் இவ்வளவு வேகமாக ஓடுகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், 33⅓-க்கு 216 கோடுகள். இங்கே 50 ஹெர்ட்ஸ், 180 கோடுகள். பல எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அந்தக் கோடுகள் நின்று காட்டுவதும் இல்லை. பழைய குண்டு பல்பு வேண்டும். நூறு சுற்று எண்ணுவதே நிம்மதி.

இனி பெல்ட். பிளக்கைப் பிடுங்குங்கள். நடுத்தண்டில் தட்டைப் பிடித்திருக்கும் ஒரு சிறு வளையக் கிளிப் இருக்கும். அதைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது மறு கையால் மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பறந்து சோஃபாவுக்கு அடியில் போய்விடும். என் கிளிப் போனது. தட்டைத் தூக்கினால் பெல்ட் தெரியும். முறுக்கியிருக்கிறதா, பளபளவென்று வழுக்குகிறதா, தொளதொளவென்று தொங்குகிறதா என்று பாருங்கள். மோட்டாரின் சின்னப் பித்தளைச் சக்கரத்தையும் தட்டின் உள்விளிம்பையும் ஐ.பி.ஏ. தொட்ட பஞ்சால் துடையுங்கள். பெல்ட்டை சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். சிலர் வெந்நீரில் போட்டு இறுக்குவார்கள். அது சில நாள் தாங்கும், அவ்வளவுதான். தொளதொளத்த பெல்ட்டுக்கு மாற்று புது பெல்ட்தான். பழையதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்குங்கள், ஏனென்றால் பழையது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

பெல்ட் நன்றாக இருந்தும் வேகம் தவறினால், அடிப்பலகையில் அல்லது மோட்டாரிலேயே ஒரு சிறு துளைக்குள் வேகத் திருகு இருக்கும். சிலவற்றில் 33-க்கும் 45-க்கும் தனித்தனியாகச் சர்க்யூட் போர்டில் இருக்கும். இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, கடுகளவு திருப்பி, மறுபடி நூறு எண்ணுங்கள். பொறுமை வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் போனது.

ஒரு பக்கம் ஊமை, உறுமல், கரகரப்பு

வெளி ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் பாடினால், ஆர்.சி.ஏ. கம்பிகளை ஆம்ப் முனையில் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் கோளாறு பிளேயரில் அல்லது கம்பியில். மாறாவிட்டால் ஆம்பில் அல்லது ஸ்பீக்கரில். பிளேயர்தான் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் முடி போன்ற கம்பிகள் செருகியிருப்பதைப் பாருங்கள். ஒன்று கழன்றிருக்கும், அல்லது கை திரும்பும் இடத்தில் அறுந்திருக்கும். செருகியை மெல்லத் தள்ளுங்கள். கார்ட்ரிட்ஜின் மேலேயே சூட்டுக்கோலை வைத்துப் பற்றவைக்காதீர்கள், உள்ளே இருப்பது வெந்துவிடும்.

உறுமலுக்கு ஒரு குறுக்கு வழி. அடாப்டரில் 5 வோல்ட் என்று போட்டிருந்தால், அதே முனை கொண்ட யு.எஸ்.பி. கம்பியால் பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் மறைந்தால் அடாப்டரை மாற்றுங்கள்; சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் எளிதாகக் கிடைக்கும். 9 அல்லது 12 வோல்ட் பிளேயரில் இந்த விளையாட்டு வேண்டாம். மாற்று அடாப்டரில் வோல்ட் சரியாக அதேதானா, பிளஸ் மைனஸ் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

கரகரப்பு என்றால் ஊசியைச் சந்தேகிக்கலாம். வைர ஊசி சில நூறு மணி நேரம் தாங்கும். சஃபையர் (நீலக்கல்) ஊசி என்றால் ஐம்பது மணி நேரமே அதிகம். தேய்ந்த ஊசி உளி மாதிரி, போகிற பள்ளத்தையெல்லாம் செதுக்கும். சிவப்புத் துண்டின் முன்பக்கத்தை நகத்தால் கீழே அழுத்தி முன்னால் இழுத்தால் வந்துவிடும். புதியதைப் பின்பக்கம் முதலில் செருகி, முன்பக்கத்தை மேலே தூக்கி, டக் என்று கேட்கும் வரை அழுத்துங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு. வைர ஊசியா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒரு கரகரப்பு புது ஊசிக்கும் போகாது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் மட்டும் "ஸ", "ச" எல்லாம் சீறும். ரெக்கார்டின் வெளி ஓரத்தில் ஊசியின் அடியில் பள்ளம் வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் ஓடுகிறது. லேபிள் பக்கம் அதில் பாதிகூட இல்லை. அதே பாட்டு நெருக்கியடித்துக் குறுகிய இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உருண்டை நுனி ஊசியால் அந்த நெருக்கத்தைப் படிக்க முடிவதில்லை. இது பழுதல்ல, இந்தக் கருவியின் எல்லை.

இங்கேயே நிற்பதா, மேலே போவதா

பெல்ட், அடாப்டர், ஊசி, கம்பி, வேகத் திருகு: இவை சரியாகும். உள் ஸ்பீக்கரின் அதிர்வு, கடைசிப் பாட்டின் சீறல், மாற்ற முடியாத அழுத்தம், மோட்டாரின் பின்னணி இரைச்சல்: இவை சரியாகாது. உங்கள் புகார் எந்தப் பட்டியலில் விழுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முதல் பட்டியல் என்றால் சரிசெய்யுங்கள். மோட்டார் போய்விட்டது என்றால் சரிசெய்ய வேண்டாம். அந்தக் கூலிக்கு ஒரு ரெக்கார்டு வாங்கலாம்.

மீதிப் பாதி விடை உங்கள் அலமாரியில். பழைய கடையில் வாங்கிய பத்துப் பதினைந்து சினிமா ஈ.பி. (சின்ன இசைத்தட்டு), மாதம் ஒரு நாள் கேட்பது என்றால் சூட்கேஸ் போதும். 5 கிராம் ஊசி ஒரு தடவையில் ரெக்கார்டை நாசமாக்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். அந்த ஈ.பி.க்கள் அந்தக் காலத்திலேயே இதைவிடக் கனமான ஊசிகளைப் பார்த்தவை. ஆனால் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் புது எல்.பி. வாங்கத் தொடங்கிவிட்டீர்களா, அல்லது மறுபடி கிடைக்கவே கிடைக்காத ரெக்கார்டு கையில் இருக்கிறதா? அப்போது கணக்கு மாறுகிறது. சில எல்.பி.க்களின் விலையில் அவை அனைத்தையும் காப்பாற்றும் பிளேயர் வந்துவிடும்.

மாற்றுவது என்றால் இன்னும் அழகான சூட்கேஸுக்கு மாறாதீர்கள். கேட்க வேண்டியவை: காந்தக் கார்ட்ரிட்ஜா, ஊசி தனியாகக் கிடைக்குமா, ஸ்பீக்கர் வெளியே இருக்கிறதா. ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ், சோனியின் பி.எஸ்.-எல்.எக்ஸ்.310பி.டி. இரண்டும் இந்த மூன்றுக்கும் பொருந்தும். பட்டனை அழுத்தினால் கை தானே போய் உட்கார்ந்து தானே திரும்பும். ஃபோனோ ப்ரீஆம்பும் உள்ளேயே உண்டு. ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) இருந்தால் முடிந்தது.

ஆனால் இரண்டிலும் 78 வேகம் கிடையாது. தாத்தாவின் அரக்கு ரெக்கார்டுகள் இருந்தால் ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் போல மூன்று வேகமும் உள்ள ஒன்று வேண்டும். கூடவே 78-க்கான தனி ஊசியும். எல்.பி. ஊசியின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது சுமார் 75. சின்ன ஊசி அகலப் பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் வாசிக்கும். சூட்கேஸில் 78 போட்டால் இரைச்சலாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுவே. இந்த வகையில் கையின் பின்னால் எடைக்கல் இருக்கும், நீங்களே சமன்செய்து அழுத்தம் வைக்க வேண்டும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். அதற்காகவே இதை வாங்குபவர்களும் உண்டு.

பழையது வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு சொல். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த அருமையான டர்ன்டேபிளுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸையே பின்பற்றிச் சுற்றும் பழைய ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டதென்றால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது 33⅓-க்குப் பதில் 28-க்கும் குறைவாகச் சுற்றும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார் சக்கரம்) கிடைக்குமா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். டி.சி. மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றுவது) வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான் கடைசியில் இரண்டையும் செய்தேன். சூட்கேஸுக்குப் புது பெல்ட் போட்டு, அடியில் ஊசி மாற்றிய தேதியை ஒட்டி, அக்கா மகனிடம் கொடுத்தேன். அவனிடம் இருப்பவை நாலு ஈ.பி. அப்பாவின் நாதஸ்வரம் இப்போது புது மெஷினில் ஓடுகிறது. முதல் நாள் கேட்டுவிட்டு, "இது பரவாயில்ல, ஆனா சீவாளி ஈரம் பத்தலை" என்றார்.